கதவு கேட்க அம்பத்தூர் வரை

நசரத்பேட்டையிலிருந்து அம்பத்தூருக்குப் போய்வந்ததைப் பயணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். இரண்டு பஸ், நடுவில் ஒரு காத்திருப்பு, அவ்வளவுதான். ஆனால் பத்தாவது படித்துக்கொண்டிருந்த எனக்குப் பூந்தமல்லியைத் தாண்டுவதே பெரிய காரியமாக இருந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு சனிக்கிழமை அது. அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பேச்சுப் போட்டி. தலைப்பு, ‘பள்ளிக் கல்வியில் நான் விரும்பும் மாற்றங்கள்.’ எங்கள் அரசுப் பள்ளியின் சார்பில் நான் பேச வேண்டும். துணைக்கு எங்கள் தமிழாசிரியை ஸ்டெல்லா டீச்சர்.

காலை ஏழரைக்குக் கிளம்பும்போது அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டினாள். வேண்டாம் என்றேன். எங்கள் பள்ளிப் பெண்களுக்கு அது பழகிப்போன ஒன்று. பள்ளிக்குப் பின்னால் ஒதுங்குவதற்கு ஓலைத் தட்டி கட்டிய மறைப்பு ஒன்று உண்டு, கதவு கிடையாது. போனால் இரண்டு பேராகப் போக வேண்டும், ஒருத்தி வாசலில் காவல் நிற்க வேண்டும். அப்படியும் பையன்கள் கல்லெறிந்து கூச்சல் போடுவார்கள். எங்களுக்கெல்லாம் எங்கே பயப்படுவார்கள்? அதனால் மாலை வீடு திரும்பும்வரை தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுவோம்.

எனக்குக் காவல் நிற்பவள் என் பெஞ்சுக்காரி கௌரி. ஒருநாள் அந்தக் கூச்சலில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனவள், பிறகு பள்ளிக்கு வரவில்லை. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. நானே அவள் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினேன். “ஒரு கதவ போடச் சொல்லு, மறுநாளே அனுப்புறேன். அதுவரிக்கும் ஊட்டோட கெடக்கட்டும்” என்றாள் அவள் அம்மா. நான் எழுதிய பேச்சில் இதைத்தான் முதலில் வைத்திருந்தேன். டீச்சர் சிவப்பு மையால் அடித்துவிட்டார். “மேடையில பேசுற விஷயமாடி இது?” அந்த இடத்தில் தொழிற்கல்வியும் நீதிபோதனையும் வந்து உட்கார்ந்தன.

பூந்தமல்லியில் அம்பத்தூர் பஸ்ஸைப் பிடித்தோம். கண்டக்டருக்கு டீச்சரைத் தெரிந்திருந்தது.

“இன்னா டீச்சரே, லீவு நாள்லகூட பொண்ண கூட்டிகினு கெளம்பிட்டீங்க?”

“பேச்சுப் போட்டிப்பா. ஸ்கூல்ல என்ன மாத்தணும்னு பேசப் போறா.”

“அப்டியே இந்த பஸ்ஸயும் மாத்தச் சொல்லு பாப்பா” என்று ஜன்னல் கம்பியை ஆட்டிக் காட்டினார். அது கையோடு வந்துவிடும்போல் இருந்தது.

வேலப்பன்சாவடியில் லாரிகளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றோம். வானகரத்தில் திரும்பியதும் இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே செங்கல் சூளை, பிறகு தொழிற்சாலைச் சுவர்கள். ஷிப்டு முடிந்தவர்கள் சைக்கிளில் எதிரே வந்துகொண்டிருந்தார்கள். நான் பேச்சை முணுமுணுத்துக்கொண்டே வந்ததால் பாதி ஊரைப் பார்க்கவில்லை.

பள்ளி வாசலில் ஷீலா என்ற ஒன்பதாம் வகுப்பு மாணவி எலுமிச்சை ஜூஸ் நீட்டினாள். நான் வேண்டாம் என்றேன். டீச்சரும் வேண்டாம் என்றார். “வெயில்ல வந்துகீறீங்க, ரெண்டு பேருமே வேணாங்கிறீங்களே?” என்றாள். நான் அவள் காதில் காரணத்தைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

வரிசையாக நான்கு அறைகள். நான்குக்கும் பச்சைக் கதவு. உள்ளே வாளி நிறையத் தண்ணீர். நான் போய்விட்டு வெளியே வந்தபோது டீச்சர் நின்றுகொண்டிருந்தார். கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விறைப்பாக நின்றேன். ஷீலா சிரித்துவிட்டாள்.

“உள்ள தாப்பா கீதுக்கா. நீ எதுக்குக் காவல் நிக்கிற?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று அப்போது தெரியவில்லை. டீச்சர் முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தார், நேராகப் போய் இரண்டு டம்ளர் ஜூஸ் குடித்தார்.

மேடையில் தொழிற்கல்வியில்தான் ஆரம்பித்தேன். நான்கு வரி தாண்டவில்லை, அந்தக் கோபம் தொண்டைக்கு வந்துவிட்டது. “எங்க ஸ்கூலுக்கு ஒரு கதவு வேணும்” என்றேன். கௌரியின் பெயரைச் சொல்லாமல், தண்ணீர் குடிக்காத கதை முழுவதையும் சொன்னேன். பின் வரிசைப் பையன்கள் கிசுகிசுத்துச் சிரித்தார்கள். நடுவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “தலைப்பு கல்வியைப் பற்றியது. மாணவி விலகிப் போய்விட்டார்.”

ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். திட்டப் போகிறார் என்றே நினைத்தேன்.

“விலகல சார். நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து காலையில தண்ணி குடிக்காமதான் ஸ்கூலுக்குப் போறேன். மத்தியானமானா தலை வலிக்கும். அந்த வலியோடதான் பாடம் எடுக்கறேன். அப்ப இது கல்வியப் பத்தினதுதானே?”

மத்தியான வகுப்பில் அவர் எரிந்து விழுவதை வைத்து நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயர் நினைவுக்கு வந்து, மேடையிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. பரிசு கிடைக்கவில்லை. கலந்துகொண்ட எல்லாருக்கும் கொடுத்த பிளாஸ்டிக் சோப்பு டப்பாதான் எனக்கும் கிடைத்தது.

திரும்பும்போது டீச்சர் தம் வீடிருக்கும் பூந்தமல்லியில் நின்றுவிடவில்லை. என்னோடு நசரத்பேட்டைக்கு வந்து கௌரி வீட்டுக்கு வழி கேட்டார். அவள் அம்மா மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தாள்.

“கதவு போட்டாங்களா டீச்சரம்மா?”

“இல்லம்மா. மேலிடத்துக்கு எழுதறேன். எப்ப வரும்னு எனக்குத் தெரியாது.”

“அப்பறம் எத்த நம்பி அனுப்ப சொல்றீங்க?”

“வரவரைக்கும் நான் நிக்கிறேன்.”

அந்த அம்மா கையை உதறிக்கொண்டு டீச்சரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, “ஏய் கௌரி, திங்கக்கெழமைக்குப் பாவாட தாவணி தொவச்சுப் போடு” என்றாள்.

மேனாம்பேட்டின் பச்சைக் கதவுகளை அதன்பிறகு நான் பார்க்கவில்லை. எங்கள் பள்ளிக்குக் கதவு வந்தபோது நாங்கள் படிப்பை முடித்து வெளியே வந்துவிட்டிருந்தோம். ஆனால் அந்தத் திங்கட்கிழமை காலை நான் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனேன். இடைவேளை மணி அடித்ததும் கௌரி உள்ளே போனாள். வெளியே ஸ்டெல்லா டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குடையை விரித்துப் பிடித்தபடி நின்றார். பையன்கள் தூரத்திலேயே திரும்பிப் போனார்கள். கௌரி வந்ததும் டீச்சர் குடையை என் கையில் கொடுத்தார். “இப்ப நீ கொஞ்சம் நில்லு. நானும் போயிட்டு வந்துடறேன்.”