சாமியார் தெளித்த தீர்த்தம்

கோமோ ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த கௌதென்சியோ, பேராசிரியர் ஒருவர் மின்சாரம் உண்டாக்கிய செய்தியைக் கேட்டுத் தானும் முயன்றான். செம்புத் தகடு, துத்தநாகத் தகடு, நடுவில் உப்புநீரில் நனைத்த கம்பளித் துண்டு என நாற்பது ஜோடி அடுக்கினான். கம்பளிக்கு மாமியாரின் சால்வையை வெட்டினான். மருமகன் பிசாசு வளர்ப்பதாக அவள் மாதா கோயிலில் போய்ச் சொல்லி, பங்குச் சாமியாரையே கூட்டி வந்துவிட்டாள்.

அதற்குள் கம்பளி காய்ந்துவிட்டது. சாமியார் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை.

"இதுக்கா உன் மாமியா அந்த அழுகை அழுதா?" என்றார். வந்ததற்காகத் தீர்த்தத்தைத் தாராளமாகத் தெளித்தார். உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர் அது. கம்பளி குடித்துக்கொண்டது.

"இப்ப அடுக்கோட ரெண்டு முனையையும் புடிங்க சாமி."

ஈரக் கையால் பிடித்தவர் துள்ளிப் போய் மாமியார்மேல் மோதினார்.

"பிசாசுன்னு சொன்னேனே," என்றாள் அவள்.

"பிசாசு இல்ல அத்தை, உப்பு. சாமி கொண்டாந்தது."

சாமியார் அங்கியைச் சரிசெய்துகொண்டு, இன்னொரு தடவை தொடலாமா என்று கேட்டார்.