எல்சி டீச்சரின் இங்கிலீஷ் மெட்டு

ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு எல்லாரையும் மறுபடி காலைத் தட்டச் சொல்கிறார் எல்சி டீச்சர். எதிரே வரிசையாக நிற்கும் நர்சுகள், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று நோயாளியை விசாரிக்கும் இங்கிலீஷ் வாக்கியத்தைக் கும்மி மெட்டில் பாடுகிறார்கள். சிரிப்பு வருகிறது, ஆனால் ஒருவருக்கும் நாக்கு தடுமாறவில்லை.

தரங்கம்பாடியில் ஞாயிறு ஆராதனைக்கு ஆர்கன் வாசிப்பவர் டீச்சர். மற்ற நாட்களில், வளைகுடாவுக்கு வேலைக்குப் போக இருக்கும் நர்சுகளுக்கு இங்கிலீஷ் பேசப் பழக்குகிறார். எல்லாரும் இங்கிலீஷில் படித்துத் தேறியவர்கள்தான். வாயைத் திறக்கச் சொன்னால் திருதிருவென்று விழிப்பார்கள்.

"நாக்குக்குத்தாங்க வெக்கம். காலுக்கு ஏது வெக்கம்?" என்பார் டீச்சர். முதலில் பாட்டு. பிறகு மெட்டைக் கழற்றிவிட்டு வெறும் தாளம். அதற்கப்புறம்தான் பேச்சு. தெருவில் கூவி விற்பவர் எந்த இடத்தில் மூச்சு வாங்குகிறார் என்று கவனித்தபடி, வாங்க வந்ததை மறந்து நிற்கிற ஆள் அவர்.

மீனவர் வீட்டுப் பெண் சுவேதாவுக்குக் கும்மியும் ஒட்டவில்லை, கீர்த்தனை மெட்டும் ஒட்டவில்லை. இரண்டு நேர்காணல்களில் வாயடைத்துப் போனவர். மஸ்கட் மருத்துவமனை கொடுத்திருப்பது கடைசி வாய்ப்பு என்று ஏஜெண்ட் கறாராகச் சொல்லிவிட்டார். டீச்சர் விடிகாலையில் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுப்பவர்களின் பாட்டை மனதில் வாங்கிவந்தார். அந்த மெட்டில் சுவேதாவின் நாக்கு அவிழ்ந்தது. ஒரே சிக்கல்: வலைப்பாட்டில் ஒருவர் அடி எடுத்தால் மற்றவர்கள் வாங்கிப் பாட வேண்டும். ஒத்திகையில் சுவேதா தயங்கியதுமே மொத்த வகுப்பும் வாங்கிப் பாடிவிட்டது. டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்.

அதனால் நேர்காணலன்று மற்றவர்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவிட்டார். வகுப்பைப் பார்க்க வந்திருந்த நான் மட்டும் மூலையில் இருந்தேன். செல்போன் ஸ்பீக்கரில் ஒரு பெண்குரல், நோயாளி மருந்து வேண்டாமென்றால் என்ன செய்வீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டது.

சுவேதா திருதிருவென்று விழித்தார். டீச்சர் அவர் முதுகில் மெல்லத் தட்ட ஆரம்பித்தார், குழந்தையைத் தூங்கவைப்பதுபோல. வலை இழுக்கும் தாளம். ஒரு வாக்கியம் வந்தது. இன்னொன்று. அந்தக் குரல் குறுக்கிட்டு, அதற்கும் நோயாளி கேட்காவிட்டால் என்றது. ஒத்திகையில் இல்லாத கேள்வி. பயப்படுகிறவரிடம் முதலில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவேன், பிறகுதான் மருந்து என்று சுவேதா சொல்லிக்கொண்டே போனார். 

பேச்சு தாளத்தை முந்திக்கொண்டு ஓடியது. டீச்சர் எட்டிப்பிடிக்கப் பார்த்தார், முடியவில்லை. தட்டிய கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டார்.