விறாந்தைத் தூணும் விரல் சுண்ணாம்பும்

கிரேக்கரைப் பற்றி இரண்டு புத்தகம் படித்துவிட்டு, வெள்ளவத்தையில் ஓர் ஓட்டு வீட்டின் விறாந்தைக்குக் கிரேக்கத் தூண் கட்டிய மடையன் நான்தான். கொழும்புக் கோட்டையில் வெள்ளைக்காரத் துரைமாரின் கந்தோர்க் கட்டடங்களில் இருப்பதுபோலவே, மேலிருந்து கீழாகப் பள்ளக்கோடுகள் ஓடும் சீமெந்துத் தூண்கள். யாழ்ப்பாணத்திலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அவற்றைக் கண்டதுமே சம்மதித்துவிடுவார்கள் என்று நம்பியிருந்தேன்.

வந்தவர்கள் தூண்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பலகாரம் சாப்பிட்டார்கள், வெற்றிலை போட்டார்கள். விரலில் மிஞ்சிய சுண்ணாம்பைத் துடைக்க மாப்பிள்ளையின் தகப்பனார் பக்கத்துத் தூணில் கை வைத்தார். விரல் பள்ளத்துக்குள் அச்சாகப் பொருந்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இஞ்சை வந்து பாருங்கோ, விரலுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரியெல்லே இருக்கு" என்று தம்பியையும் மைத்துனரையும் கூப்பிட்டார். அவர்களும் ஆளுக்கொரு பள்ளம் எடுத்துக்கொண்டார்கள். நான் பல்லைக் கடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தேன்.

போகும்போது வாசல் படலையடியில் நின்று சம்மதம் சொன்னார்கள்.

"பாத்தீரே, தூண் வேலை செய்திட்டுது" என்றேன் மனைவியிடம்.

"ஓமோம்" என்றாள். "கலியாணத்துக்கு முதல் கழுவிப் போடுங்கோ. மிச்சச் சனமும் துடைக்க வேணுமெல்லே."