இரண்டு வட்டம் வைத்த எட்டு

ஓசூர் சிப்காட்டில் கௌஸ் மொய்தீனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவருடைய கரும்பலகையைத் தெரியாதவர்கள் கிடையாது. லாரி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேட்டுக்கு எதிரே, மாதப்பன் டீக்கடைச் சுவரில் அது தொங்குகிறது. காலை ஷிஃப்ட்டுக்கு முன்னால் அதில் ஒரே ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மனிதர் டீயைத் தொடுவார். இருபத்தாறு வருடமாக அந்த வரி எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்: அமெரிக்கா விழப்போகிறது.

கிருஷ்ணகிரி மாங்காய் மண்டியில் கூடை தூக்கியவரின் மகன் அவர். பத்தொன்பது வயதில் ஓசூருக்கு வந்து லேத் பிடித்தார். சங்கம் வைத்தார், வேலை போயிற்று. அதோடு அடங்கியிருந்தால் அவர் கௌஸ் மொய்தீன் இல்லை. பக்கத்துச் சந்தில் சாணை பிடிக்கும் பட்டறை போட்டுக்கொண்டு, டீக்கடைச் சுவரில் பலகையை மாட்டினார். 'டாலருக்கு வயதாகிவிட்டது' என்று ஒரு நாள் எழுதுவார். 'உலகத்துக்கு இனி ஒரே நாட்டாமை கிடையாது' என்று இன்னொரு நாள். சைக்கிளை நிறுத்திப் படித்துவிட்டு, ஃபர்னஸில் வேலை செய்யும் திம்மராயன் கேட்பான்:

"இன்னிக்காச்சும் விழுந்துச்சா பாய்?"

"விழும்யா. நீ டீயக் குடி."

போன ஆகஸ்டில், இந்தியச் சரக்குக்கு ஐம்பது சதவீத வரி என்று அமெரிக்கா அறிவித்தபோது பாய்க்குத் தலைகால் புரியவில்லை. பலகை முழுக்கப் பெரிய எழுத்தில் 'ஆரம்பித்துவிட்டது' என்று எழுதினார். "சரக்கு வித்துப் பொழச்சவன் இப்ப சுங்கம் வசூல் பண்ணிப் பொழைக்கிறான். இதுக்குப் பேருதான் சரிவு" என்று டீக்கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் விளக்கினார். நியாயமான விளக்கம்தான். ஆனால் எதிர்க் கம்பெனியிலிருந்து போகும் பெட்டிகளில் முக்கால்வாசி எந்த நாட்டுக்குப் போகின்றன என்பதை அவர் அன்று மறந்தே போனார். இத்தனைக்கும் அந்தப் பெட்டிகள் மேல் எழுதுவது அவருடைய மனைவி.

ஃபகருன்னிசா அங்கே பேக்கிங் பிரிவில் பதினொரு வருடமாக கான்ட்ராக்ட்டில் இருக்கிறாள். நீல ஸ்டிக்கர் ஒட்டினால் அமெரிக்கா, பச்சை ஒட்டினால் ஜெர்மனி. ஸ்டிக்கருக்குக் கீழே மார்க்கரில் பெட்டி எண் எழுதுவது அவள்தான். எட்டு மட்டும் அவளுக்கு வராது. ஒன்றையொன்று தொடாமல் மேலும் கீழுமாக இரண்டு வட்டம் வைப்பாள். "அமெரிக்காக்காரன் ரெண்டு சைபர்னு நெனச்சிக்கப் போறான்க்கா" என்று சூப்பர்வைசர் இளம்பரிதி சிரிப்பான்.

தீபாவளிக்குள் நீல ஸ்டிக்கர் பாதியாயிற்று. பொங்கலுக்கு முன் அடியோடு நின்றது. மூன்று ஷிஃப்ட் இரண்டானது. பெண்கள் டிஃபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை கான்ட்ராக்டர் ஃபகருன்னிசாவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். மேசையில் ஒரு கட்டு கவர். "ஒண்ணுலருந்து முப்பத்தெட்டு வரைக்கும் நம்பர் போடு. பேரு நாங்க எழுதிக்கறம். வெளிய மூச்சு விட்டா ஒனக்கும் ஒண்ணு இருக்குது." ஒரு கவரின் வாய் திறந்திருந்தது. உள்ளே அச்சடித்த தாள்: என் சொந்தக் காரணங்களால் வேலையை விட்டு விலகுகிறேன். கீழே கையெழுத்துக்குக் கோடு.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கவர் சேதியைச் சொன்னாள்.

"ஏங்க, கொஞ்ச நாளைக்கி ஒண்ணும் எழுதாதீங்க. உங்களால எம் பேரு மொதல்ல வந்துரும். கௌசரு படிப்பு முடியுற வரைக்குமாச்சும்..."

நர்சிங் படிக்கும் மகளுக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. பாய் எதுவோ சொல்ல வாயெடுத்தார்.

"விழுது விழுதுன்னு இத்தினி வருசமா எழுதினீங்களே. எங்க தலைமேல வந்து விழும்னு ஒரு நாளாச்சும் எழுதினீங்களா?"

உலகத்தில் எந்த மூலையில் எவன் கேள்வி கேட்டாலும் பதில் வைத்திருந்த மனிதர் அவர். அன்று சட்டைப் பையிலிருந்த சாக்பீஸை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பயமாக இருந்தது. வேலை போன அன்றுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

மறுநாள் பலகை காலியாக இருந்தது.

ஒரு நாள் எழுதாவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் அவர் நினைத்தார். ஆனால் கொரோனா காலத்தில்கூட முகக்கவசம் கட்டிக்கொண்டு வந்து எழுதியவர் அவர். வெறும் பலகையைப் பார்த்ததும் திம்மராயன் சைக்கிளைவிட்டு இறங்கினான்.

"என்னா பாய், ஒண்ணும் எழுதுல?"

"ஒண்ணுமில்லப்பா. ஒடம்பு சரியில்ல."

யாரும் நம்பவில்லை. பாயே எழுதவில்லை என்றால் எழுத முடியாத சேதி ஏதோ வந்திருக்கிறது. பத்து மணிக்குள் கம்பெனியைக் கர்நாடகத்துக்குத் தூக்கப்போகிறார்கள் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு அடியோடு மூடுகிறார்கள் என்றார்கள். இரண்டரைக்கு ஷிஃப்ட் விட்டபோது பலகை முன்னால் நூறு பேருக்கு மேல் நின்றார்கள். சாமல்பட்டியிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் சரஸ்வதி அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாத்துல கையெழுத்துக் கேட்டாலும் போட்டுட்டு ஊருக்குப் போயிர்றேங்க்கா. கடைசியில ஒண்ணுமில்லாம நிக்க என்னால ஆவாது."

அவள் சொன்னது, அப்போதுதான் கேட்டைவிட்டு வெளியே வந்த ஃபகருன்னிசாவிடம். அந்தத் தாளில் இருந்த கோடு ஃபகருன்னிசாவின் கண்ணுக்குள் வந்து நின்றது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே கணவரிடம் வந்தாள்.

"சாக்பீஸ் எங்க?"

பாய் சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டார். "வேணாம். நானே எழுதறன். நீ வூட்டுக்குப் போ."

"நீங்க எழுதினா அமெரிக்காவத்தான் எழுதுவீங்க. குடுங்க."

பலகையில் எழுதினாள்: '38 பேர். கவர் கொடுத்தால் கையெழுத்துப் போடாதீங்க.'

சரஸ்வதி மூக்கைத் துடைத்துக்கொண்டு அதை இரண்டு முறை படித்தாள். திம்மராயன் மெல்லக் கேட்டான்: "முப்பத்தெட்டுன்னு யாரு சொன்னாங்க?" அந்த எண்ணைக் கான்ட்ராக்டரின் அறைக்கு வெளியே அறிந்தவள் ஃபகருன்னிசா ஒருத்திதான்.

பாய் அவள் காதருகே குனிந்தார். "அழிச்சிரட்டுமா? எல்லாரும் படிச்சிட்டாங்க."

"ரெண்டாவது ஷிஃப்ட்டுக்காரங்க இன்னும் படிக்குலங்க."

அப்போதுதான் அவர் கேட் பக்கம் திரும்பினார். கம்பிக்கு உள்ளே இளம்பரிதி செல்ஃபோனைத் தூக்கிப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். இருபத்தாறு வருடமாக அமெரிக்கா விழும் என்று அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட அந்தக் கேட்டுக்குள்ளிருந்து எவனும் படம் பிடித்ததில்லை. இளம்பரிதி இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ஒன்றையொன்று தொடாத இரண்டு வட்டம். பதினொரு வருடமாக அவன் தினமும் பார்க்கிற எட்டு அது.