பிஸ்டனில் படிந்த கரி

அந்த வீட்டுக்காரர் நாயைச் சுட்டபோது நான் மேல்மாடியில் யன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன். காலையில் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போன நாய். காட்டுப்பன்றியைக் கண்டதும் அது வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடிவர, கூட நின்ற மற்ற வேட்டைக்காரர்கள் சிரித்துவிட்டார்களாம். வீட்டுக்கு வந்ததும் வராததுமாக அதை அப்பிள் மரத்தில் கட்டிவிட்டு, காரிலிருந்து றைபிளை எடுத்தார்.

முதல் வெடி நாயின் பின்னங்காலைக் கிழித்தது. அது புல்லில் கிடந்து சுழன்று கத்தியது. அவர் திரும்பவும் விசையை அழுத்தினார். வெடிக்கவில்லை. துவக்கைத் திருப்பிப் பார்த்துக் கெட்ட வார்த்தை சொன்னார். பக்கத்துப் பிடியைப் பின்னுக்கு இழுத்து அடித்தார். வெற்றுத் தோட்டாக் கோது புல்லில் விழுந்தது. பிறகுதான் இரண்டாவது வெடி. கத்தல் நின்றது.

கீழே இறங்கிப் போனேன். அவருடைய மனைவி கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். அந்த நாயை வளர்த்தவர் அவர்தான்.

"யன்னல் முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜேர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகருக்கு வெளியே, காட்டோரத்தில் தனியாக நின்ற வீடு அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என்னுடைய அகதி விண்ணப்பம் முடிவில்லாமல் கிடந்தது. துப்புரவு வேலைக்கு அனுமதி கிடைத்திருந்ததால் இரண்டு பஸ் மாறி அங்கே போவேன். நான் ஊரில் யாராக இருந்தேன் என்று அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். பதினெட்டு வயதில் போராட்ட இயக்கத்துக்குப் போய், இருபத்திரண்டில் வயிற்றில் ஒரு காயத்தோடு விலகி வந்தவள் நான்.

அன்று மாலை அவர் சமையலறை மேசையில் பழைய பத்திரிகையை விரித்துத் துவக்கைத் துப்புரவு செய்தார். என்னைக் கூப்பிட்டு, விளக்கை அருகில் பிடிக்கச் சொன்னார். நீண்ட கம்பியில் துணி சுற்றிச் சுடுகுழலுக்குள் விட்டு இழுத்தார். குழல் பளபளக்கும்வரை இழுத்தார். மரக் கைப்பிடியை மெழுகு போட்டுத் தேய்த்தார். பிறகு முன்பக்கத்து மரத்தைக் கழற்றினார். குழலுக்குக் கீழே பிஸ்டன் தெரிந்தது. அதன் தலை முழுக்கத் தார்போலக் கரி. அவர் அதைச் சுரண்டவில்லை. எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்து அதன்மேல் தாராளமாக ஊற்றி, மரத்தைத் திரும்பப் பூட்டினார்.

நான் குனிந்து பார்த்ததில் விளக்கு ஆடியது.

"ஒழுங்காகப் பிடி!" என்று உறுமினார்.

பிஸ்டன் வைத்த துவக்கின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. சன்னம் குழலுக்குள் ஓடும்போது அதைத் தள்ளுகிற வெடிமருந்துக் காஸில் கொஞ்சம் ஒரு சிறிய துளையால் பிரிந்து வந்து பிஸ்டனை அடிக்கும். அந்த அடியில்தான் வெற்றுக் கோது வெளியே பறந்து அடுத்த ரவை ஏறும். துளை அடைபட்டாலோ பிஸ்டன் இறுகினாலோ அடி காணாது. கோது பாதி வெளியில், பாதி உள்ளே என்று துவக்கின் பக்கத்து வாயில் சிக்கிக்கொள்ளும். அங்கே எண்ணெய் விடவே கூடாது. சூட்டில் அது கரியோடு சேர்ந்து பசையாகிவிடும். கரியைச் சுரண்டி, துளையைக் குத்தித் துப்புரவாக்கி, காய்ந்த துணியால் துடைத்துக் காய்ந்தபடியே பூட்ட வேண்டும்.

இதை நான் வகுப்பில் படிக்கவில்லை. சண்டையில் என் பக்கத்தில் படுத்திருந்தவள் செத்ததில்தான் படித்தேன்.

எங்களிருவருக்கும் இராணுவத்திடமிருந்து எடுத்த எஸ்.எல்.ஆர். துவக்குகள். ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாக ஏறும். மாரிமழையில் துவக்கெல்லாம் துருப்பிடிக்கத் தொடங்கியது. நல்ல எண்ணெய் இல்லை. அவள் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெயைத் துவக்கு முழுக்கப் பூசினாள், பிஸ்டனையும் விடவில்லை. ஒரு வாரம் அதோடு பயிற்சிச் சூடும் சுட்டாள். பிறகு ஒரு காலை, பனங்காணிக்குள் ஆமிக்காரர் எங்களுக்கு மிகக் கிட்ட வந்துவிட்டார்கள். அவள் ஒரு வெடி வைத்தாள். கோது சிக்கியது. பிடியை இழுத்தாள், வரவில்லை. காலால் உதைத்து இழுக்க ஒரு பக்கம் சரிந்து எழும்பினாள். ஆமிக்காரரின் சூட்டில் அவளுடைய தாடையும் கழுத்தும் போய்விட்டன. என் முகம், வாய், கண்ணெல்லாம் அவள் இரத்தம். நான் துப்பித் துப்பிச் சுட்டேன்.

பின்வாங்கி வந்தபிறகு அவளுடைய துவக்கைத் திறந்தேன். பிஸ்டன் சிலிண்டருக்குள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. டீசலில் ஊறவைத்து, தகரத் துண்டால் சுரண்டி, காஸ் துளையை ஈர்க்கால் குத்தி எடுத்தேன். அதன் பிறகு எங்கள் அணியில் எல்லாருடைய பிஸ்டனையும் நான்தான் பார்த்தேன். எண்ணெய் கண்டால் அடிக்கவும் செய்தேன்.

ஆனால் அந்த ஜேர்மன் சமையலறையில் நான் வாய் திறக்கவில்லை. இது எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்பார். அதற்குமேல், அன்று மத்தியானம் புல்லில் சுழன்ற நாய் என் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தத் துவக்கு நன்றாக வேலை செய்ய வேண்டும் என்ற ஆசை எனக்குக் கொஞ்சமும் வரவில்லை.

நாய் போனபிறகு வீடு இன்னும் மோசமாகியது. முன்பெல்லாம் மனைவியின் கைகளில் மட்டும் அடிபட்ட கண்டல் இருக்கும். அந்தக் குளிர்காலத்தில் அவர் கழுத்தில் துணி கட்டிக்கொண்டு நின்றார். ஒருநாள் குளியலறைத் தொட்டியில் இரத்தம் காய்ந்திருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

"டுசல்டோர்ஃபில் என் அக்கா இருக்கிறார். போகப்போகிறேன்" என்றார்.

"நல்லது. கெதியாப் போங்கள்" என்றேன், எனக்குத் தெரிந்த ஜேர்மனில்.

போவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது நான் வேலைக்குப் போகிற ஒரு நாளை. தனியாக இருக்கும்போது சொல்லப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னார். மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. நான் வரவேற்பறையில் கம்பளத்துக்கு மெசினால் தூசி உறிஞ்சிக்கொண்டிருந்தேன். அவர் மேற்சட்டை போட்டு, பெட்டியோடு வந்து கணவருக்கு முன்னால் நின்று, "நான் போகிறேன்" என்றார்.

கணவர் எழும்பிக் கீழே நிலவறைக்கு இறங்கினார். துவக்கு அலுமாரியின் இரும்புக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் மெசினை நிறுத்திவிட்டு, "ஓடுங்கோ!" என்று கத்தினேன். தமிழில் கத்தினேன். அவருக்கு விளங்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். அதற்குள் அவன் படியேறி வந்துவிட்டான்.

இனி அவனை அவர் என்று எழுத எனக்கு ஏலாது.

அறைக்குள் வெடிக்கும் சத்தம் காதை அடைத்தது. மனைவியின் வலது புயத்தில் சன்னம் பட்டு, எலும்பை நொறுக்கிக்கொண்டு பின்னாலிருந்த கண்ணாடி அலுமாரிக்குள் போனது. கண்ணாடியும் பீங்கானும் கொட்டின. அவர் சுவரோடு சரிந்து இருந்தார். கை சட்டைக்குள் தனியாகத் தொங்கியது. அவன் இரண்டடி முன்னால் வந்து அவருடைய முகத்துக்கு நேரே குழலைப் பிடித்து விசையை அழுத்தினான்.

ஒன்றும் நடக்கவில்லை.

நான் துவக்கின் பக்கத்தைப் பார்த்தேன். பித்தளைக் கோது வாயில் குறுக்கே நின்றது. அதை எடுக்க அவன் பிடியை இழுக்க வேண்டும், இழுக்கக் கையை விசையிலிருந்து எடுக்க வேண்டும். நான் யோசித்தேன் என்று சொல்ல மாட்டேன். மெசினின் இரும்புக் குழாயை உருவி எடுத்து, பிடியை இழுக்கப் போன அவன் கையில் அடித்தேன். மணிக்கட்டு முறிந்த சத்தம் அடைத்த காதுக்கும் கேட்டது. துவக்கின் குழலை மற்றக் கையால் பிடித்துத் திருகினேன். அவன் மற்றக் கையால் இழுத்தான், நான் விடவில்லை. அவன் முழங்காலால் என் வயிற்றில், பழைய காயத்திலேயே உதைத்தான். நான் குழாயால் அவன் வாயில் அடித்தேன். பற்கள் பறந்தன. விழுந்தான். விழுந்த பிறகும் அடித்தேன். தாடையில், தோளில், திரும்பவும் தாடையில். அவன் மூக்காலும் வாயாலும் இரத்தக் குமிழ் வந்தது.

"போதும்!" என்று சுவரோரத்திலிருந்து அந்தப் பெண் கத்தினார். "போதும், செத்துவிடுவான்!"

அந்தக் குரல் இல்லாவிட்டால் நான் நிறுத்தியிருப்பேனா என்று எனக்குத் தெரியாது.

மேசைத் துணியைக் கிழித்து அவருடைய புயத்தில் இறுக்கிக் கட்டி, கரண்டியொன்றைச் செருகி முறுக்கினேன். தொலைபேசியில் பொலிஸுக்கு முகவரியைச் சொன்னேன். பிறகு பொலிஸ் வரும்வரை அவருடைய தலையை மடியில் வைத்துக்கொண்டு, அவன் அசைகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் ஒரு பெண் அதிகாரி விசாரித்தார். மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பொடியனைக் கூப்பிட்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தான், பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவன். அதிகாரி மேசையில் ஒரு படத்தை வைத்தார். துவக்கு சோபாவில் கிடந்தது. மகசின் கழற்றப்பட்டு ஒரு பக்கம், ரவைகள் ஒரு பக்கம், சிக்கிய கோது தனியாக, துவக்கின் வாய் திறந்தபடி. அதைச் செய்தது எனக்கு நினைவே இல்லை. என் கை தானாகச் செய்திருக்கிறது.

"இதை யார் கழற்றியது?" என்று அதிகாரி கேட்டார். "இரண்டாவது தடவை வெடிக்காது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பொடியன் என் பக்கம் குனிந்தான். "அக்கா, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. உங்கட அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை."

"கோது சிக்கினதைக் கண்டனான். ஊரிலை இப்பிடித் துவக்கு என்னட்டை இருந்தது. துப்புரவாக்கிறதும் நான்தான். இதைச் சொல்லுங்கோ, தம்பி."

அவன் அதிகாரியைப் பார்த்து ஜேர்மனில், இவர் யுத்தம் நடந்த நாட்டிலிருந்து வந்தவர், சிப்பாய்களின் துவக்குகளைப் பார்த்திருக்கிறார் என்றான். அவ்வளவு ஜேர்மன் எனக்கு விளங்கும்.

"இல்லை" என்று நானே ஜேர்மனில் சொன்னேன். "பார்க்கவில்லை. நான் சுட்டேன். நான்."

அதிகாரி எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்தார். பொடியனின் முகம் வெளிறிவிட்டது.

பொய் சொல்லத் தெரியாதவள் அல்ல நான். அன்று மட்டும் முடியவில்லை. நாலு வருடமாக மூடி வைத்திருந்தது, அந்த வீட்டுக் கம்பளத்தில் எல்லாருக்கும் முன்னால் கொட்டிவிட்டது. இனி அதை எந்தத் துணியால் மூடுவது?

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கையைக் காப்பாற்றியிருந்தார்கள், விரல்கள் அசையவில்லை. துவக்கை ஆராய்ந்த நிபுணர், காஸ் துளை எண்ணெய்க் கரியால் பாதிக்குமேல் அடைபட்டிருந்ததென்று அறிக்கை கொடுத்ததை அவருக்குப் பொலிஸ் சொல்லியிருந்தது.

"அவர் எண்ணெய் ஊற்றியதை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார்.

"ஓம். விளக்குப் பிடித்தேனே."

"பிழை என்று தெரிந்ததா?"

"தெரிந்தது."

"அவருக்குச் சொல்லவில்லை."

"சொல்லவில்லை."

அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு தோளை உலுக்க, நோவில் முகம் கோணி, பிறகு அழுதார். இடது கையால் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். தாதி வந்து என்னை வெளியே போகச் சொன்னார்.

வழக்கில் அவனுடைய சட்டத்தரணி என்னைத்தான் குற்றவாளியாக்கப் பார்த்தார். தாடையில் இரும்புத் தகடு வைத்து, பேச்சு குழறி, அவன் பரிதாபமாக இருந்தான். கொலை செய்யப் பயிற்சி எடுத்த பெண்ணைத் தெரியாமல் வீட்டில் வைத்திருந்தார்கள் என்றார் சட்டத்தரணி. "எத்தனை பேரைக் கொன்றிருக்கிறீர்கள்?" என்று கேட்டார்.

நீதிபதி அந்தக் கேள்வியைத் தடுத்தார். ஆனாலும் நான் பதில் சொன்னேன்: "நான் சுட்ட திசையில் ஆட்கள் விழுந்தார்கள். யாருடைய சன்னம் என்று தெரியாது."

அதற்குப் பிறகு அந்தப் பெண் எழும்பி, கட்டுப் போட்ட கையோடு, தன் திருமணத்தின் எல்லா வருடங்களையும் சொன்னார். எங்கே எப்போது எதனால் அடித்தான் என்று சொன்னார். மத்தியானம் தொடங்கி நீதிமன்றம் மூடும்வரை சொன்னார். அவனுக்குப் பல வருடச் சிறை கிடைத்தது.

வெளியே மொழிபெயர்ப்புப் பொடியன் நின்றான். அன்றைக்கும் அவன்தான் வந்திருந்தான், இம்முறை ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

"அக்கா, அண்டைக்கு மாத்திச் சொன்னதுக்குக் கோவமோ? உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டுதான்…"

"கோவமில்லை. நீங்கள் நல்லதுக்குத்தானே செய்தனீங்கள்."

"இப்ப அனுப்பினா என்ன செய்வியள்?"

"தெரியாது, தம்பி. பயமாத்தான் கிடக்கு."

என் விண்ணப்பத்தை முதலில் மறுத்தார்கள். ஆயுதம் தூக்கியவள் என்பதே காரணம். மேல்முறையீட்டில் வருடக்கணக்காக இழுபட்டது. அந்தப் பெண் ஒவ்வொரு விசாரணைக்கும் டுசல்டோர்ஃபிலிருந்து ரயிலேறி வந்து பின் வரிசையில் இருந்தார். கடைசியில் ஜேர்மனியில் இருக்க விட்டார்கள். அதை என் சட்டத்தரணி நடைபாதையில் சொன்னபோது நான் விளங்காதவள்போல நின்றேன். அந்தப் பெண்தான் வந்து, "இருக்கலாமாம், நீங்கள் இருக்கலாமாம்" என்று ஒரு கையால் என்னை உலுக்கினார்.