கோபுரத்து மேல் நின்று தேர் இழுத்தவர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டின் ஓனரை எனக்குக் கண்டாலே ஆகாது. விமானப்படையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். விமானத்தை அண்ணாந்து பார்த்தவரே தவிர ஓட்டியவர் இல்லை. எண்பதுகளின் கடைசியில் நம் ராணுவம் இலங்கைக்குப் போனதும், அந்தச் சண்டையையே தன் வாசலில் இருந்து நடத்துவதுபோல் பேச ஆரம்பித்துவிட்டார்.

என் தம்பி காலாட்படையில் அங்கே இருந்தான். எனக்கு ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை. வெள்ளைத் துணி சுருள்வதைப் பார்க்கும்போதெல்லாம் இதில் எது அவனுக்கோ என்று தோன்றும்.

ஒரு நாள் வேலை முடிந்து வந்தவளை ஓனர் நிறுத்தினார். “சின்னத் தீவும்மா அது. நம்ம பிளேன் ரெண்டு சுத்து சுத்துனா அம்புட்டுத்தான், கையத் தூக்கிருவானுக. ஒன் தம்பி சும்மா காவலுக்கு நிப்பான்.”

“தேரைக் கோபுரத்து மேல நின்னு இழுத்துருவீகளா அண்ணாச்சி? கீழ நின்னு வடம் புடிக்கிறவன் என் தம்பி” என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

தம்பி வந்தான். இடது கால் முழங்காலோடு போயிருந்தது. ரோட்டில் புதைத்து வைத்த கண்ணிவெடி. கட்டியிருந்த துணி எனக்கு நன்றாகத் தெரிந்த துணி.

“மேல இருந்து பாத்தா பனைமரந்தான் தெரியும்க்கா. மண்ணுக்குள்ள இருக்கது எப்படித் தெரியும்? வீடு வீடா நாங்கதான் நடந்து போய்ப் பாக்கணும்” என்றான். “ஹெலிகாப்டர் வந்துச்சு. கீழ இருந்து சுட்டானுக, எறங்க ஏலல. கூட இருந்தவனுக ஒரு கதவைக் கழட்டி, அதுல என்னைப் போட்டு, சண்டை இல்லாத வெட்டவெளிக்குத் தூக்கிட்டுப் போன பொறவுதான் ஏத்துனாக. அது மட்டும் வரலேன்னா செத்திருப்பேன்.”

அந்தக் கடைசிப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. உண்மையாக இருந்தாலும் பிடிக்கவில்லை.

விசாரிக்க வந்த ஓனரிடமும் தம்பி இதையே சொன்னான். அவர் ஹெலிகாப்டர் வந்ததை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாற்காலியில் சாய்ந்து, “பாத்தியா, கடைசில ஒன் தம்பியக் காப்பாத்துனது யாரு? எங்க ஆளுகதான்” என்றார் என்னிடம்.

தம்பிக்குக் கோபமே வரவில்லை. வேட்டியைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினான்.

“ஆமா அண்ணாச்சி. மிச்சத்தக் கொண்டுவந்து சேத்தாக.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு இரக்கம் வரவில்லை. அவருக்கென்று ஆற்றி வைத்திருந்த காபியைத் தம்பி கையில் கொடுத்தேன்.