வயர் இல்லாத போனில் வந்த நம்பர்

பேய், குறி, சகுனம் எதையும் நான் நம்பியவனில்லை. ஊரில் என்ன நடந்தாலும் நாள், கிழமை, நேரம் போட்டு நோட்டில் எழுதிவைப்பது என் பழக்கம். அப்படி எழுதுகிறவனுக்கு இந்த மாதிரிக் கதைகளில் ஓட்டை எங்கே என்று சீக்கிரம் தெரிந்துவிடும். இதில் மட்டும் தெரியவில்லை. நீங்கள் நம்பியே ஆக வேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

எளாவூருக்கு அருகே எங்கள் ஊரை ரயில் பாதை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. மூன்றாவது பாதை போட்டபோது ரயில்வே கேட்டுக்குப் பதிலாகச் சுரங்கப்பாதை கட்டினார்கள். மேலே ரயில் ஓடிக்கொண்டிருக்க, வீடு அளவு கான்கிரீட் பெட்டிகளை அடியில் அங்குலம் அங்குலமாகத் தள்ளி நுழைத்ததை நாள் தவறாமல் நின்று பார்த்தேன், அவ்வளவு பொறுமையான வேலையை அதற்கு முன் பார்த்ததில்லை. பிரசவ வலியோடு ஆட்டோவில் கேட் திறக்கக் காத்துக்கிடந்த காலம் எங்கள் பெண்களுக்கு அதோடு முடிந்தது.

கேட் மூடிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு இரு பக்கமும் கட்டையை இறக்கிப் பூட்டினார்கள். போன் வயரைக் கழற்றிச் சுருட்டி எடுத்துப்போனார்கள். போன் மட்டும் மேசைமேல் கிடந்தது. கேட் கீப்பர் எஸ்தர் எங்கள் ஊர்க்காரர்தான். சாயங்காலம் வரை இருந்து, வருகிறவர்களைச் சுரங்கப்பாதைக்குத் திருப்பிவிடச் சொல்லியிருந்தார்கள். கடைசி நாளை எழுதிக்கொள்ள நானும் ஊர்ப் பக்கம் இருந்த அவர் அறையில் உட்கார்ந்திருந்தேன்.

ரயில் வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டுக்குப் போன் செய்து ஒரு ரகசிய எண் சொல்வார். அவரிடம் உள்ள தாளில் எண்கள் வரிசையாக இருக்கும். சொன்னதை உடனே கோடு போட்டு அடித்துவிடுவார். எஸ்தர் அதைத் தன் பதிவேட்டில் எழுதுவார். பேசியதற்கு அதுதான் சாட்சி.

மூன்றே முக்காலுக்கு எங்கள் ஊர் தேவராஜ் வயல் பக்கமிருந்து நாற்றுக்கட்டோடு மொபெட்டில் வந்து, வண்டியைச் சாய்த்துக் கட்டைக்கு அடியில் நுழைத்தார்.

"யோவ், அம்மாம் பெரிய சப்வே கட்டிக்கிறாங்க, அதுல போனா இன்னாவாம்?" என்று அறை வாசலிலிருந்து கத்தினார் எஸ்தர்.

"அதுல சுத்திக்கினு வரதுக்குள்ள நாத்து வாடிடும்க்கா. கடைசி நாளுன்னு பந்தா காட்டாத."

இரண்டு பாதைகளைத் தாண்டியதும் நின்று சுமையை இறுக்கிக் கட்டுவது எங்கள் ஊர் வழக்கம். எங்கள் கால்கள் இரண்டு பாதைக்குத்தான் பழகியிருந்தன. தேவராஜ் நின்று கயிற்றை அவிழ்த்த இடம் மூன்றாவது பாதையின் நடு. அவருக்குப் பின்னால் கூட்ஸ் ஒன்று தடதடத்துப் போக, வேறு சத்தமே அவருக்குக் கேட்டிருக்காது.

அப்போது மேசைமேல் போன் அடித்தது.

எஸ்தர் எடுத்தார், கேட்டார், "நாப்பத்தேழு" என்று திருப்பிச் சொன்னார், எழுதினார், ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வண்டி வருது, இந்தப் பக்கம் வாய்யா."

"எந்த வண்டி? உன் போன்தான் மத்தியானமே செத்துப்போச்சே."

எஸ்தர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், நான் மொபெட்டை இழுத்தேன். மூவரும் சரளைக்கல்லில் விழுந்தோம். எக்ஸ்பிரஸ் போன வேகத்தில் நாற்று பறந்து எங்கள் முகத்தில் ஒட்டியது.

தேவராஜ் சிதறிய நாற்றைப் பொறுக்க ஆரம்பித்தார். நான் எஸ்தரைக் கேட்டேன். "வயரே இல்லையேம்மா, எப்படி எடுத்த?"

"போன் அடிச்சா எடுக்கணும்ண்ணே, நம்பர் சொன்னா எழுதணும். வயரு கீதா இல்லியான்னு பாத்துக்கினு நின்னா இந்தாளு இப்ப இருப்பாரா?"

நான் படித்த எத்தனையோ புத்தகங்களில் கடமையைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

மறுநாள் ஸ்டேஷனுக்குப் போய் மாஸ்டரைக் கேட்டேன். சிரித்தார். மதியத்துக்குப் பிறகு அந்தக் கேட்டுக்கு யாரும் பேசவில்லை, பேசவும் வழியில்லை என்றார். எஸ்தர் எழுதிய எண்ணைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அலமாரியிலிருந்து அந்தக் கேட்டுக்கான எண் தாளை எடுத்தார். மதியம் வரை சொன்ன எண்கள் எல்லாம் அடிக்கப்பட்டிருந்தன. அடிக்காமல் இருந்த முதல் எண் நாற்பத்தேழு.

பேனாவை எடுத்து அதையும் அடித்தார்.

"குடுத்த நம்பரை அடிக்காம வெக்கக் கூடாது சார்."

யார் கொடுத்தது என்று நான் கேட்கவில்லை. அடித்த தாளை வழக்கம்போல் மடித்து அலமாரியில் வைத்தார், இது முதல் தடவை இல்லை என்பது போல. இன்றுவரை என்னை உறுத்துவது அதுதான்.